நகையும் விலையும்

என் தந்தையார் மறைந்த மறு ஆண்டு, கொழிஞ்சாம்பாறையிலுள்ள எங்கள் பழைய வீட்டு மரப்பெட்டியைத் திறந்து பார்க்க நேர்ந்தது. நிலவரி இரசீதுகளுக்கும் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் இடையே சிறு புத்தகம் ஒன்று கிடைத்தது. வானொலிப் பெட்டி வைத்துக்கொள்வதற்காக அஞ்சலகத்தில் பணம் கட்டிப் பெற்ற உரிமப் புத்தகம் அது. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தியதற்கு அடையாளமாக வில்லைகள் ஒட்டப்பெற்று, அவற்றின்மேல் அஞ்சலக முத்திரை குத்தப்பெற்றிருந்தது. வானொலி கேட்பதற்கும் அரசுக்குக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது என்றால் இன்றைய இளைஞர் வியப்பர். 1980களின் நடுவில்தான் அம்முறை நீங்கியது. அஞ்சல் துறையில் எழுத்தனாகப் பணியாற்றும் எனக்கு, நான் பிறப்பதற்கு முன்னரே எவரோ ஓர் எழுத்தர் குத்திய அந்த முத்திரைகளைக் கண்டபோது, துறைவழி உறவினர் ஒருவரைச் சந்தித்தது போன்ற உணர்வு ஏற்பட்டது.

புத்தகத்தைப் புரட்டுகையில் ஒரு நினைவும் உடன் வந்தது. தந்தையார் கட்டணம் கட்டியது தில்லிக்கு. ஆனால் மாலை வேளைகளில் அவர் விரும்பிக் கேட்டதோ கொழும்பை. தமிழாசிரியராகிய அவர், பிறர் முன்னிலையில் சிரிப்பதற்குச் சற்றுக் கூசுபவர். ஆயினும் இலங்கை வானொலியின் நகைச்சுவைப் பாத்திரங்களைப் போல எங்களுக்குப் பேசிக் காட்டும்போது மட்டும் தம்மை மறந்து சிரிப்பார். காசு கொடுத்த நிலையம் ஒன்று. காசு கொடாமல் சிரித்த நிலையம் மற்றொன்று. அந்த இரண்டாவது சிரிப்புக்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினா அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, என் வாழ்வில் நேர்ந்த ஒரு பிழையின் பின்னரே அவ்வினா என்னைப் பற்றிக்கொண்டது. அதனைச் சங்கத்து அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலவசமாகக் கேட்கும் நகைச்சுவைக்கு விலை கொடுப்பவர் இருவர் உளர். ஒருவர், நிகழ்ச்சியை வழங்கும் வணிகர். அவர் கொடுக்கும் விலை கணக்கேட்டில் ஏறும். மற்றொருவர், எவரைக் கண்டு நாம் சிரிக்கிறோமோ அவர். அவர் கொடுக்கும் விலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இவ்விரண்டு விலைகளுக்கும் இடையே உள்ள தொடர்பு யாது? வணிகர் பணம் கொடுப்பதனால்தான் நகைச்சுவை தாழ்கிறதா? அன்றி, பொறுப்பு வேறெங்கேனும் உள்ளதா?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எடுத்துரைக்குங்கால் நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கின்வழிப் பிறக்கும் என்றும் வகுத்தார். நால்வகையுள்ளும் எள்ளல் முன்நிற்பது கருதத்தக்கது. மனிதன் பிறரை இகழ்ந்து சிரிப்பான் என்பதை நம் முன்னோர் மறைக்கவில்லை. ஆனால் உரையாசிரியர் பேராசிரியர் இவ்விடத்தில் ஒரு நுட்பம் காட்டுகிறார். தான் பிறரை எள்ளி நகைப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது அதனை ஏற்றுத் தானே நகைப்பது மற்றொன்று என எள்ளலை அவர் இரண்டாகப் பகுக்கிறார். முதலாவதற்கு வாய் போதும். இரண்டாவதற்கு நெஞ்சு வேண்டும். வானொலி, தொலைக்காட்சி நகைச்சுவையின் வரலாற்றை இந்தப் பகுப்பினைத் துணையாகக் கொண்டு நோக்கினால் பல செய்திகள் தெளிவுறும்.

வணிகர் பொருளுதவியால் நகைச்சுவை ஒலிபரப்பும் முறை பெருவளர்ச்சி பெற்றது அமெரிக்க நாட்டில். இங்கிலாந்தில் 1922 முதலே கேட்போர் உரிமக் கட்டணம் செலுத்தினர். பிரித்தானிய ஒலிபரப்பு அதனால் நடந்தது. அமெரிக்காவிலோ கேட்போர்க்குக் கட்டணம் இல்லை. பற்பசை விற்பவரும், இனிப்புப் பண்டம் விற்பவரும், சிகரெட்டு விற்பவரும் நிகழ்ச்சிகளை விலைக்கு வாங்கித் தம் பெயரால் வழங்கினர். 1948இல் மில்ட்டன் பெர்ல் என்னும் நகைச்சுவையாளர் தொலைக்காட்சியில் நடத்திய பல்சுவை நிகழ்ச்சியின் பெயரிலேயே டெக்சாக்கோ என்னும் எண்ணெய் நிறுவனத்தின் பெயர் கலந்திருந்தது.

அந்நாட்டில் இரு நிகழ்ச்சிகள் நம் ஆய்வுக்குப் பொருந்துவன. ஒன்று, ஜாக் பென்னி நடத்தியது. 1930களில் ஜெல்லோ என்னும் இனிப்புப் பண்டத்தாரின் ஆதரவில் அது புகழ்பெற்றது. அதில் பெரும்பாலும் நகைப்புக்கு இடமானவர் ஜாக் பென்னியே. கஞ்சன் என்றும், பிடில் வாசிக்கத் தெரியாதவர் என்றும், முப்பத்தொன்பது வயதைத் தாண்ட மறுப்பவர் என்றும் அவரை உடனிருப்போர் கேலி செய்வர். நாடே கேட்டுச் சிரிக்கும். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை நகை இது எனலாம்.

மற்றொன்று, ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ என்பது. 1928இல் சிகாகோவில் தொடங்கி, மறு ஆண்டு பெப்சோடென்ட் பற்பசையாரின் ஆதரவில் நாடெங்கும் பரவியது. அதன் நாயகர்கள் இரு கறுப்பின மனிதர்கள். ஆனால் அவர்களாகப் பேசியவர்களோ ஃப்ரீமன் கோஸ்டன், சார்லஸ் காரல் என்னும் இரு வெள்ளையர்கள். வறுமையால் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த மக்களின் பேச்சு, பல இலட்சம் இல்லங்களில் நகைப்புக்குரிய பண்டமாயிற்று. 1931இல் பிட்ஸ்பர்க் கூரியர் என்னும் கறுப்பினத்தார் செய்தித்தாள் அதனை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களே நடித்தனர். எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1953இல் புதிய காட்சிகள் நின்றன. 1966இல் மறு ஒளிபரப்பும் நிறுத்தப்பட்டது. அந்த நிகழ்ச்சியைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் அனைவரும் கொடியவர் அல்லர். அவர்கள் களைத்து வீடு திரும்பியவர்கள்; சற்றே சிரிக்க விழைந்தவர்கள். நம் தந்தையரும் தாயரும் போன்றவர்களே. வினா கடுமையாவது இவ்விடத்திலேதான்.

இனி நம் பக்கம் திரும்புவோம். இந்தியாவில் ஒலிபரப்பு அரசின் கையில் இருந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்கள் சுவையைக் கெடுக்கும் என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடத்தைச் சுருக்கினார். நேயர்கள் என் செய்தனர்? பெட்டியின் திருகைச் சற்றுத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தனர். இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காக அமைத்த ஆற்றல்மிக்க ஒலிபரப்புக் கருவிகள் இலங்கை வானொலிக்குக் கிடைத்திருந்தன. 1950இல் அது வர்த்தக ஒலிபரப்பையும் தொடங்கியது. இந்தியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ 1952 இறுதியில் ஒலிக்கத் தொடங்கியதும் அங்கிருந்தே. அதற்கும் ஒரு பற்பசையே ஆதரவு. தமிழில் எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் முதலியோரின் குரல்கள் கடல் தாண்டி வந்து தமிழகத்தையும், அதன் மேற்கெல்லை மலைகளில் வாழ்ந்த நம்மவரையும் தம்வயப்படுத்தின. 1957இல் விவித பாரதியை அரசு தொடங்கியதும், 1967இல் பம்பாயில் அதில் விளம்பரத்துக்கு இடமளித்ததும், 1976 சனவரி முதல் நாள் தொட்டுத் தொலைக்காட்சியிலும் விளம்பரத்தை ஏற்றதும், 1984இல் வணிகர் ஆதரவுடன் தொடர்களை ஒளிபரப்பியதும் எல்லாம் அதன்பின் நிகழ்ந்தவை. தீவு முன்னே சென்ற வழியில் பெருநாடு பின்னே நடந்தது.

இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் 1970களில் பெரும்புகழ் பெற்றது ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் நகைச்சுவைத் தொடர். எந்தையார் எங்களுக்குப் பேசிக் காட்டியவை அதன் பாத்திரங்களே. மரிக்கார் இசுலாமியர் வழக்கில் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். உபாலி, சிங்களர் ஒருவர் தமிழ் பேச முயன்றால் எவ்வாறிருக்குமோ அவ்வாறு பேசுவார். ஐயர், அந்தணர் பேச்சில் பேசுவார். எஸ். ராம்தாஸ், டி. ராஜகோபால், எஸ். செல்வசேகரன், அப்துல் ஹமீத் ஆகிய நால்வரும் முறையே அப்பாத்திரங்களை ஏற்றனர். இசுலாமியரான அப்துல் ஹமீத் ஐயராகவும், இசுலாமியர் அல்லாத ராம்தாஸ் மரிக்காராகவும் பேசினர் என்பதை எண்ணுக. மக்கள் மனத்தில் அவை ஊன்றிய ஆழத்தால், மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயர்கள் நடிகர் பெயர்களோடு ஒட்டிக்கொண்டன. 1976இல் எஸ். இராமநாதன் இயக்கத்தில் ‘கோமாளிகள்’ என்று அது திரைப்படமும் ஆயிற்று.

இங்கும் ஒருவர் மற்றவர் பேச்சைப் போல நடித்தார். அமெரிக்காவிலும் அதுவே நடந்தது. ஒன்று இனிமையாக நினைவுகூரப்படுகிறது. மற்றொன்று நாணத்தோடு நினைவுகூரப்படுகிறது. வேறுபாடு எங்கே உள்ளது? கோமாளிகளில் எல்லாப் பேச்சும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தன. அப்புக்குட்டியைக் கேட்டுச் சிரித்தவர் அடுத்த நொடியில் மரிக்காரைக் கேட்டுச் சிரிப்பார். தம் முறை வரும்போது தாமும் சிரிப்புக்கு ஆளாவார். இன்ன பேச்சே நேரானது, ஏனையவை கோணலானவை என்று அளக்கும் கோல் அங்கே இல்லை. ஏமஸ், ஆண்டி இருவரின் உலகிலோ அக்கோல் இருந்தது. அதனைப் பிடித்திருந்தவர் கேட்போராகிய வெள்ளையர். அவர்கள் பேச்சை அங்கே எவரும் அவ்வாறு பேசிக் காட்டவில்லை.

வணிகரின் பங்கு யாது? இரு நாட்டிலும் வணிக ஒலிபரப்பே. ஆகவே பணம் ஒன்றே நகையைக் கெடுத்தது என்று கூறுதல் பொருந்தாது. வணிகர் வேண்டுவது ஒன்றே: கேட்போர் பெட்டியை மூடாதிருக்க வேண்டும். தமிழ் கேட்கும் எல்லாச் சமூகத்தாரும் ஒரே சந்தையில் பண்டம் வாங்கும் தீவில், ஒருவரை மட்டும் இகழ்ந்து ஓட்டிவிடுவது வணிகர்க்கு நட்டம். கறுப்பின மக்களின் காசைப் பொருட்டாக எண்ணாத நாட்டில், அவரை இகழ்வது நட்டமன்று. வணிகர் முன்னதில் அறம் செய்தவரும் அல்லர். பின்னதில் மறம் செய்தவர் தாம் மட்டும் என்றும் கூறவியலாது. அவர் கூட்டத்தை எண்ணுகிறார், அவ்வளவே. அந்த எண்ணிக்கையில் எவர் மதிப்புப் பெறவில்லையோ அவர் தலையில் நகை விழுகிறது.

கோமாளிகளை மிகையாகப் புகழவும் நான் எண்ணவில்லை. ஒரே திண்ணையில் அமர்ந்து சிரித்த அத்தீவில் 1983 சூலையில் நிகழ்ந்த கொடுமைகளை உலகம் அறியும். நகை ஒரு நாட்டைக் காத்துவிடாது. ஆனால் ஒருவரோடு ஒருவர் எவ்வாறு சிரிக்கலாம் என்பதற்கு ஒரு சான்றை அது விட்டுச் செல்லும். இழந்தது யாது என்று பின்னால் அளந்து பார்க்க அச்சான்று உதவும்.

இச்செய்தி எல்லைப்புறத்து மக்களாகிய நமக்கு ஏன் நெருக்கமானது? பாலக்காட்டுச் சீமையிலும் தேவிகுளம், பீர்மேட்டு மலைகளிலும் வாழும் தமிழர்க்குப் பேச்சு என்பது இருபுறமும் கூரான கத்தி. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம். எல்லைக்கோடு எங்களைச் சுற்றிக்கொண்டு சென்றது. அன்று முதல், வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர் சென்றால் எம் பேச்சில் மலையாள வாடை வீசுகிறது என்பர். கொச்சி சென்றால் ‘பாண்டி’ என்பர். மலையாள மேடைகளில் கொச்சைத் தமிழ் பேசும் மூட்டை தூக்குபவரும் ஆக்கரிக்காரரும் நகைப்புக்கு உரியவர். தமிழ்த் திரையில் மலையாளம் கலந்து பேசும் தேநீர்க்கடை நாயரும் அவ்வாறே. இருபக்கத்தாரும் இதில் ஒருவர்க்கொருவர் கடன் வைக்கவில்லை.

1990இல் வெளிவந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் கமலஹாசன் ஏற்ற நான்கு வேடங்களுள் ஒன்று பாலக்காட்டுச் சமையற்காரர் காமேசுவரன். கிரேசி மோகன் உரையாடல் எழுதிய அப்படத்தை நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கொட்டகையில் பார்த்தேன். கொட்டகையே அதிர்ந்தது. அருகிலிருந்த கல்பாத்தி முதியவர் ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்கள் பேச்சும் திரைக்கு வந்துவிட்டதே என்னும் களிப்பு அது. காமேசுவரன் திக்கித் தடுமாறினாலும் நேர்மையானவன். தன் மானம் உடையவன். பார்ப்பவர் அன்பைப் பெறுபவன். அவனைக் கண்டு சிரித்தவர் அவனை விரும்பவும் செய்தனர். ஆகவே எள்ளலில் அன்பு கலந்திருந்தால் அது தைப்பதில்லை என்று அன்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அம்முடிவு பாதி உண்மைதான் என்பதை அறிய இருபது ஆண்டுகள் ஆயின.

இனி என் பிழையைக் கூறுகிறேன். பணி மாற்றத்தில் மூணாற்றுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஓர் அஞ்சலகத்திற்குச் சென்றேன். மாதந்தோறும் கூலி நாளுக்கு மறுநாள் ஒரு மூதாட்டி வருவார். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த விரல்கள். தேனிப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கும் பேத்திக்குப் பணவிடை அனுப்புவார். என்னைத் ‘தம்பி’ என்றே அழைப்பார். நான் அவரை ‘அம்மா’ என்பேன். தொகையை ஒருமுறை சொன்னால் போதாது அவர்க்கு. “ஆயிரத்தைந்நூறு தம்பி... ஆயிரத்தைந்நூறு... எண்ணிக்க தம்பி, ஆயிரத்தைந்நூறு” என்று மும்முறை கூறுவார். நான் படிவத்தில் எழுதியபின் விரலை அதன்மேல் வைத்து, “இதுல எவ்வளவு போட்டுருக்கு?” என்று கேட்பார். பின்னால் வரிசை நீளும். நான் உள்ளூரச் சிரிப்பேன்.

அவ்வாண்டுப் பொங்கல் விழாவிற்கு உள்ளூர்த் துணிக்கடைக்காரர் ஒருவர் மேடையும் ஒலிபெருக்கியும் அமைத்துக் கொடுத்தார். மேடையின் பின்னே அவர் கடைப்பெயர் தாங்கிய துணி தொங்கியது. பட்டிமன்றத்திற்கும் பரிசளிப்பிற்கும் இடையே கூட்டம் கலையாமல் இருக்கக் கால்மணி நேரம் ஏதேனும் செய்யுங்கள் என்று விழாக்குழுவினர் கேட்டனர். பலகுரலில் பேசும் பழக்கம் எனக்குத் தந்தைவழி வந்தது. அஞ்சலகச் சாளரத்தில் ஒரு தோட்டத்து மூதாட்டி பணவிடை அனுப்புவதை நடித்துக் காட்டினேன். மூன்று ஆயிரத்தைந்நூறும் வந்தன. படிவத்தின்மேல் விரல் வைப்பதும் வந்தது. அரங்கம் அதிர்ந்தது. துணிக்கடைக்காரர் எனக்கு ஒரு வேட்டி அளித்து, அடுத்த ஆண்டும் நீங்களே என்றார். அந்த மூதாட்டி அரங்கின் கடைசியில், விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியோடு நின்றிருந்தார் என்பதைப் பிறர் கூறித்தான் பின்னர் அறிந்தேன்.

அடுத்த மாதம் அவர் வந்தார். வழக்கம்போல வரிசையில் நின்றார். தம் முறை வந்ததும், “சாரே, ஒரு மணியோடர் அயக்கணும்” என்றார். தட்டுத்தடுமாறிய மலையாளத்தில், தொகையை ஒருமுறை மட்டும் சொன்னார். படிவத்தின்மேல் விரல் வைக்கவில்லை. இரசீதைப் பெற்றுக்கொண்டு சென்றுவிட்டார்.

அவர் ஏன் மும்முறை சொல்வார் என்பதை எங்கள் தபால்காரர் அன்று மாலை கூறினார். எழுதப்படிக்கத் தெரியாத அவர்க்கு முன்னொரு காலத்தில் படிவம் எழுதிக் கொடுத்த எவனோ ஒருவன், தொகையைக் குறைத்து எழுதி எஞ்சியதை எடுத்துக்கொண்டானாம். அதன்பின்னரே அந்தப் பழக்கமாம். பேதைமை என்று எண்ணி நான் நகைத்தது பேதைமையன்று. பட்டறிந்து பெற்ற விழிப்பு. தொல்காப்பியர் வகுத்த நான்கினுள் எதில் அடங்குவது என்று நான் தவறாகக் கணித்த அந்தச் சிரிப்பு, உண்மையில் என் பேதைமையின்மேல் பிறந்திருக்க வேண்டியது.

மறுமாதம் அவர் வந்தபோது, “அம்மா, அன்று மேடையில் நான் செய்தது தவறு, மன்னிக்க வேண்டும்” என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “சாரமில்ல சாரே” என்றார். மலையாளத்தில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள். மன்னித்துவிட்டார் என்றே எண்ணுகிறேன். ஆனால் அம்மன்னிப்பைத் தமிழில் சொல்லவில்லை. மேலும் இரண்டாண்டுகள் அவ்வலுவலகத்தில் இருந்தேன். ‘தம்பி’ என்னும் சொல்லை மீண்டும் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் மலையாளம் வழங்கும் நாட்டில், அரசு அலுவலகச் சாளரம் ஒன்றில் தம் மொழியில் பேசலாம் என்னும் உரிமையை அவர் பெற்றிருந்தார். அவ்வுரிமையை ஒரு தமிழனே, தமிழ்ச் சங்க மேடையில், தமிழர் கைதட்டலுக்கிடையே பறித்துக்கொண்டான். அதற்குக் கிடைத்த ஊதியம் ஒரு வேட்டி.

இதற்கு மறுமொழிகள் உண்டு. அவர் பெயரை நான் சொல்லவில்லை. தீய எண்ணம் எனக்கு இல்லை. அரங்கில் மிகுதியாகச் சிரித்தவர்களே தோட்டத் தொழிலாளரின் மக்கள். இவை யாவும் உண்மை. ஆயினும் கடைசி மறுமொழியே என்னை மிகவும் வருத்துகிறது. அவ்விளைஞர்கள் தம் தாயரின் பேச்சைக் கேட்டு ஏன் அவ்வளவு உரக்கச் சிரித்தனர்? அப்பேச்சிலிருந்து தாம் விலகிவிட்டோம் என்று அருகிலிருப்பவர்க்குக் காட்டிக்கொள்ளவே என்று இன்று தோன்றுகிறது. பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகைக்கும் பெருநெஞ்சு வேறு. எள்ளுவோர் பக்கம் விரைந்து சேர்ந்துகொள்ளும் அச்சம் வேறு. வெளியிலிருந்து கேட்பவர்க்கு இரண்டும் ஒரே சிரிப்பாகவே ஒலிக்கும்.

காமேசுவரனைக் கண்டு சிரித்த கல்பாத்தி முதியவர்க்கும் இம்மூதாட்டிக்கும் உள்ள வேறுபாடும் இதனால் விளங்கும். முதியவர் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. அவருக்குக் கல்வி இருந்தது. வேண்டின் மறுமொழி கூறும் வாய்ப்பும் இருந்தது. கேலி அவரிடமிருந்து எதனையும் எடுத்துச் செல்லவில்லை. மூதாட்டியிடம் இருந்ததோ அந்த ஒரு சாளரமும் அந்த ஒரு பேச்சும். ஆகவே எள்ளலில் அன்பு கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அதனைத் தாங்கும் வலிமை அவரிடம் உள்ளதா என்றும் கேட்டல் வேண்டும். எனக்கு அவர்மேல் அன்பு இல்லாமற் போகவில்லை. அவர் நிலை என்ன என்னும் எண்ணந்தான் இல்லாமற் போயிற்று.

அப்படியானால் பலகுரற் கலையே வேண்டா, வட்டார வழக்கைக் கேலி செய்வதே குற்றம் என்று முடிவு கட்டலாமா? கூடாது. வள்ளுவர் பண்புடைமை என்னும் ஓர் அதிகாரத்தினுள்ளேயே இருபுறமும் காட்டுகிறார். விளையாட்டாகவேனும் ஒருவரை இகழ்தல் துன்பம் தரும் என்கிறார். அதே அதிகாரத்தில், பிறரோடு கலந்து மகிழ மாட்டாதவர்க்குப் பகலும் இருளே என்றும் கூறுகிறார். சிரிப்பற்ற சங்கம் இருண்ட சங்கம். புலம்பெயர்ந்து, பல மாவட்டத்துப் பேச்சுகளோடு ஓரிடத்தில் கூடும் நம்போன்றோர் ஒருவர் பேச்சை ஒருவர் கேலி செய்யாமல் நெருங்கிப் பழகவும் இயலாது. நெல்லைக்காரரும் கோவைக்காரரும் பாலக்காட்டுக்காரரும் ஒரே பந்தியில் அமர்ந்தால் முதலில் பரிமாறப்படுவது கேலிதான். திண்ணை ஒன்றாக இருக்கிறதா என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

இன்று வானொலி உரிமமும் இல்லை. கொழும்பைத் தேடித் திருகு திருப்புவாரும் அரியர். கைப்பேசியில் ஒரு நிமிட நகைச்சுவைக் காட்சிகள் ஓயாமல் வருகின்றன. நடுநடுவே விளம்பரம் வருகிறது. பார்ப்போர் தொகைக்கேற்ப நடிப்பவர்க்குப் பணம் கிடைக்கிறது. கருவி மாறியது, கணக்கு மாறவில்லை. வேலைதேடி வந்த வடநாட்டு இளைஞரின் தமிழும், அவர் பேசும் மலையாளமும் இன்று அக்காட்சிகளில் கேலிக்குரிய பண்டம். தெற்கிலிருந்து குடிபெயர்ந்த கறுப்பின மனிதரின் இடத்தில், நேற்று மலையேறிய நம் பாட்டன்மாரின் இடத்தில், இன்று அவர் நிற்கிறார். நாம் காசு கொடுப்பதில்லை. நம் கவனத்தைக் கொடுக்கிறோம். வணிகர் அதனையே எண்ணுகிறார். ஆகவே பொறுப்பு அவரோடு முடிவதில்லை. சிரிப்பவராகிய நம் வாயிலில் வந்து நிற்கிறது.

அடுத்த ஆண்டு விழாக்குழுவினர் கேட்டபோது நான் மறுக்கவில்லை. மேடையேறி, சாளரத்தின் மறுபுறத்தில் அமர்ந்திருக்கும் சித்தூர் வட்டத்து எழுத்தனை நடித்துக் காட்டினேன். அவன் பேசும் பாதித் தமிழையும், முத்திரை குத்தும்போது காட்டும் பெருமையையும், வரிசை நீண்டால் முகம் சுளிப்பதையும் நடித்தேன். சென்ற ஆண்டு அளவுக்குக் கூட்டம் சிரிக்கவில்லை. துணிக்கடைக்காரர்க்கும் அவ்வளவாக மகிழ்ச்சியில்லை. கடைசி வரிசையை உற்று நோக்கினேன். அந்த மூதாட்டி வந்திருக்கவில்லை.

அதன்பின் எனக்கென ஒரு நெறி வகுத்துக்கொண்டேன். எவரைப் போலப் பேசி நடிக்கிறேனோ, அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்வேன். நான் முடித்ததும் ஒலிபெருக்கி அவர் கைக்குப் போகும், அவர் என்னைப் போலப் பேசிக் காட்டுவார், நானும் அதற்குச் சிரிக்க வேண்டும் என்றும் எண்ணிக்கொள்வேன். அவ்வாறு எண்ணிப் பார்க்கையில் நாவில் நிற்கும் கேலி நல்ல கேலி. நிற்க மறுப்பதை எத்தனை கைதட்டல் கிடைப்பதாயினும் விழுங்கிவிடுதலே தக்கது.

தந்தையாரின் அந்த உரிமப் புத்தகத்தை இப்போது என் மேசையில் வைத்திருக்கிறேன். பிறர் குரலைக் கேட்பதற்கே ஒருகாலத்தில் உரிமம் வேண்டியிருந்தது. பிறர் குரலை எடுத்து நகைப்பதற்கும் ஓர் உரிமம் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனை எந்த அஞ்சலகமும் வழங்காது. அக்குரலுக்கு உரியவரே வழங்க வேண்டும். ஆண்டுதோறும் அவரிடமே புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும்.